உங்களுக்குத் தெரியுமா? கடல் புகுந்த ஹார்ட் டிஸ்க்கைக் காயவைக்கக் கூடாது

2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் இலங்கையின் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது கரையோரங்களில் கடல் ஊருக்குள் வந்தது. அப்படி உப்புத் தண்ணீர் புகுந்த ஹார்ட் டிஸ்க்கை வெயிலில் வைப்பதும் அரிசிக்குள் புதைப்பதும்தான் பலருக்கு முதலில் தோன்றும். இரண்டுமே கெடுதல். நீர் வற்றினால் உப்பு உள்தட்டில் படிந்து இறுகிவிடும். தட்டுக்கும் அதன்மேல் மிதக்கும் வாசிப்புத் தலைக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு உப்புப் பரலே தட்டைக் கீறப் போதும். கரண்ட் கொடுக்காமல், ஈரத்தோடே பையில் கட்டித் தரவு மீட்பவரிடம் சேர்க்க வேண்டும். நனையாத டிஸ்க் ‘டக் டக்’ என்றாலும் உடனே நிறுத்துங்கள்; மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பதுதான் மிச்சத்தையும் கெடுக்கும்.

நம்பிக்கைக்கு இடமுண்டு: 2003இல் சிதறி விழுந்த கொலம்பியா விண்ணோடத்தின் கருகிய டிஸ்க்கிலிருந்து 99 சதவீதத் தரவு மீட்கப்பட்டது. 2008இல் அதை வைத்து ஆய்வுக் கட்டுரையே வெளியானது.