விடுபட்ட ஏழாம் பகுதி

பாடத்தில் ஓரெழுத்து மாறியிருந்தால், பார்த்தெழுதும் மாணவன் மயங்கி ஒரு வரியையே விட்டுவிடுவதுண்டு. ஆசிரியர்களாகிய நாம் இதனை நன்கு அறிவோம். நம் உடலணுக்களிலும் இத்தகைய பார்த்தெழுதல் இடையறாது நடைபெறுகின்றது. டி.என்.ஏ. என்பது மூலநூல், அதிலிருந்து எடுக்கப்படும் படியே ஆர்.என்.ஏ. அப்படியைக் கொண்டே உடல் புரதங்களை ஆக்குகின்றது.

முதுகுத்தண்டுத் தசைநலிவு என்னும் பரம்பரை நோயில், இயக்க நரம்பணுக்களைக் காக்கும் புரதத்திற்குரிய மரபணு பழுதுற்றிருக்கும். அதற்கு இணையான இன்னொரு மரபணு உண்டெனினும், ஓரெழுத்து வேறுபாட்டால் அதன் படியில் ஏழாம் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போம். நோயின் கடுமையான வகையில், சிகிச்சையின்றேல் குழந்தைகள் பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்து ஏட்ரியன் கிரைனரும் அயோனிஸ் நிறுவனத்தாரும் இணைந்து ஆக்கிய மருந்து நுசினெர்சென். ஆர்.என்.ஏ.யை ஒத்த, 18 எழுத்துகள் கொண்ட இத்துணுக்கு, ஏழாம் பகுதியின் அருகில் ஒட்டிக்கொண்டு, அப்பகுதி விடுபடாமல் காக்கின்றது. 2016 டிசம்பரில் அமெரிக்க அரசு இதற்கு இசைவளித்தது. தாமே உட்கார இயலாதிருந்த குழந்தைகளுள் சிலர் உட்காரக் கற்றனர்.

எனினும் இம்மருந்து மூலநூலைத் திருத்துவதன்று. ஆதலின் தண்டுவட நீரில் ஊசி தொடர்ந்து போடவேண்டும். மடிந்த நரம்பணுக்களையும் அது மீட்காது. ஆகவே, கழுத்து நிற்காது கைகால் தளர்ந்த குழந்தையைக் கண்டால், “நாளாகச் சரியாகும்” என்றிராமல், உடனே மருத்துவரிடம் காட்டுமாறு பெற்றோர்க்கு எடுத்துரைப்பது நம் கடனாகும்.