சர்வர் அடிக்கடி படுத்துடுதா? ரேம் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

தீபாவளி ஆஃபர்னு இன்ஸ்டாவில் ஒரு ரீல் போடுறீங்க. ரீல் பிச்சுக்கிட்டுப் போகுது. ஆனால், லிங்க்கை க்ளிக் பண்ணி உங்க வேர்ட்பிரஸ் கடைக்குள்ள வர்றவங்களுக்குச் சேலையும் தெரியலை, விலையும் தெரியலை. 'எரர் எஸ்டாப்ளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்‌ஷன்' என்று ஒற்றை வரிதான் வருகிறது. சீஸன் வியாபாரமே போச்சு!

உடனே 'டபுள் ரேம்' பிளானுக்குப் பணம் கட்டத் தோணும். ஒரு நிமிஷம் பொறுங்க மக்களே!

ரேம் என்பது சமையல் மேடை

ஷேர்டு ஹோஸ்டிங் என்பது மேன்ஷன் ரூம் என்றால், வி.பி.எஸ் என்பது அபார்ட்மென்ட் ஃப்ளாட். கட்டடம் பொதுவானது, ஆனால் உங்க ஃப்ளாட் உங்களுக்கு மட்டும்தான். அந்த ஃப்ளாட்டில் டிஸ்க் பரண் மாதிரி, ரேம் சமையல் மேடை மாதிரி. விருந்தாளி கூடக் கூட மேடையில் இடம் பத்தாது.

லினக்ஸ் சர்வரில் மெமரி சுத்தமாகத் தீர்ந்துவிட்டால், மொத்த சிஸ்டமும் உறைந்துபோகாமல் இருக்க, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமை கெர்னலே நிறுத்திவிடும். 'ஓ.ஓ.எம் கில்லர்' என்பது இதன் பெயர். பெரும்பாலும் அதிக மெமரி பிடித்திருப்பதுதான் பலியாகும். வேர்ட்பிரஸ் சைட்டில் பல நேரம் அது மை எஸ்.க்யூ.எல் டேட்டாபேஸ். அந்த எரர் வந்த கதை இதுதான்.

முதல்ல செக் பண்ணுங்க

டெர்மினலில் 'ஃப்ரீ' கமாண்ட் கொடுங்க. 'ஃப்ரீ' காலத்தில் எண் கம்மியாக இருந்தால் பதற வேண்டாம். சும்மா கிடக்கும் மெமரியை லினக்ஸ் கேஷாகப் பயன்படுத்தும், தேவைப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' காலம். கூட்ட நேரத்திலும் அங்கே தாராளமாக இருந்தால், பிரச்னை ரேமில் இல்லை.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. ஒரு பி.ஹெச்.பி பிராசஸ் 60 எம்.பி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே நேரத்தில் 20 பிராசஸ் ஓடினால் 1,200 எம்.பி. 1 ஜி.பி சர்வர் தாங்குமா? பி.ஹெச்.பி செட்டிங்கில் 'மேக்ஸ் சில்ட்ரன்' அளவை 8 ஆக்கினால் 480 எம்.பி-தான். மற்றவர்கள் கொஞ்ச நேரம் வரிசையில் நிற்பார்கள். ஆனால், கடை இழுத்து மூடாது! கூடவே ஒரு கேஷ் பிளகின் போட்டால் வரிசையும் குறையும்.

திடீர் நெரிசலுக்கு 1 ஜி.பி 'ஸ்வாப்' ஃபைல் வைத்துக்கொள்ளலாம். அது மேடையில் இடமில்லாதபோது பாத்திரத்தைப் பரணில் வைப்பது மாதிரி. சமாளிக்கலாம், ஆனால் ஏறி இறங்க நேரமாகும்.

அப்பவும் பத்தலையா? ரேமைக் கூட்டுங்க!

* முதலில் பேக்கப் அல்லது ஸ்னாப்ஷாட் எடுங்க.
* பல நிறுவனங்களில் சர்வரை ஆஃப் பண்ணித்தான் பிளான் மாற்ற முடியும். அதனால் கூட்டமில்லாத நேரமாகப் பாருங்க. ஆஃபர் நாளன்று வேண்டவே வேண்டாம்.
* ரேமோடு டிஸ்க்கையும் பெரிதாக்கினால், பல இடங்களில் பழைய சின்ன பிளானுக்குத் திரும்ப முடியாது. சீஸனுக்கு மட்டும்தான் தேவை என்றால், ரேம், சி.பி.யு மட்டும் கூட்டும் ஆப்ஷன் இருக்கிறதா என்று பாருங்க.
* ஆன் ஆனதும் டேட்டாபேஸ் தானாக ஓடுதா என்று பார்த்துடுங்க.

முக்கியமான விஷயம், ரேம் கூடினாலும் டேட்டாபேஸுக்கு அது தானாகத் தெரியாது. மை எஸ்.க்யூ.எல்-லின் 'இன்னோ டி.பி பஃபர் பூல்' டீஃபால்ட்டாக 128 எம்.பி-தான். அதையும் 'மேக்ஸ் சில்ட்ரன்' அளவையும் புது ரேமுக்கு ஏற்ப நீங்கதான் உயர்த்தணும். இல்லையென்றால், பெரிய மேடை கட்டிவிட்டு ஓரத்தில் ஒரே ஒரு அடுப்பில் சமைப்பது மாதிரிதான்!

இதையெல்லாம் ரீல் போடுவதற்கு முந்தின வாரமே முடிச்சுடுங்க. கூட்டம் வந்த பிறகு யாரும் மேடையை இடித்துக் கட்ட மாட்டாங்க பாஸ்!