பத்தாவது பிள்ளை

ஜேர்மனியின் கொலோன் நகருக்கு அருகிலுள்ள புல்ஹைமில் 2003 மே 3இல் பிறந்தவர் ஃபுளோரியன் விர்ட்ஸ். பத்துப் பிள்ளைகளில் கடைசி. அவருடைய அக்கா யூலியானேயும் தொழில்முறை உதைபந்தாட்ட வீராங்கனை. இதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை, பெற்றோரும் கேட்கட்டும்.

கொலோன் கழகத்தில் சிறுவயது முதல் பயின்றவரை 2020 ஜனவரியில் அயல் கழகமான லெவர்குசன் அழைத்துக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம், 17 வயதும் 15 நாட்களுமாக இருக்கையில், முதல் ஆட்டம். யூனில் பயேர்ன் மியூனிக்குக்கு எதிராக ஒரு கோல். அவ்வளவு இளவயதில் ஜேர்மன் முதற்பிரிவில் அதுவரை எவரும் கோல் அடித்ததில்லை.

மத்தியகள வீரரின் வேலை பந்தைத் துரத்துவது மட்டுமல்ல. பந்து காலுக்கு வருமுன்னரே யார் எங்கே நிற்கிறார், இடைவெளி எங்கே என்று கண்டுகொள்ள வேண்டும். விர்ட்ஸ் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனியுங்கள். அவருடைய கோல்களைவிட எனக்குப் பிடித்தது அதுதான்.

2022 மார்ச்சில், பழைய கழகமான கொலோனுடன் ஆடுகையிலேயே முழங்கால் நார் அறுந்தது. பத்து மாதங்கள் களமில்லை. அவ்வாண்டு உலகக் கிண்ணமும் கைநழுவியது. பதினெட்டு வயதில் அது சின்ன இழப்பா?

மீண்டு வந்தார். 2024 ஏப்ரல் 14இல் வேர்டர் பிரேமனுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தார். அன்றுதான் லெவர்குசன் முதன்முறையாக லீக் சம்பியனானது. அப்பருவத்தின் 34 லீக் ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. 2025இல் பத்துக் கோடி பவுண் கொடுத்து லிவர்பூல் அவரை வாங்கியது.