கைப்பேசியும் பணக் கார்டும்

இரும்புப் பெட்டியைப் பூட்டி, அதன் சாவியை அப்பெட்டியின் மேலேயே வைத்துவிட்டுத் திண்ணையில் உறங்கப் போகிறவனைக் கண்டால் உலகம் நகைக்கும். ஆயினும் நம்மவருள் கற்றோரும் இன்று நாள்தோறும் செய்துவருவது இதுவே. பாங்கிக் கார்டைக் கைப்பேசி வழியே பத்துக் கடைகளில் பதிந்து வைக்கிறோம். பணம் போகுமுன் பாங்கி அனுப்பும் ஓ.டி.பி. என்னும் ரகசிய எண்ணும் அதே கைப்பேசிக்கே வருகிறது. அக்கருவி பஸ் நெரிசலில் களவு போனால் யாது நேரும் என்பதை நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்? ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளமும், ஒரு முதியவரின் பென்ஷனும், மகளின் கலியாணத்துக்கென்று சேர்த்த தொகையும் இவ்வழியே ஒரு நாழிகைக்குள் மறையக்கூடும். ஆதலின் இதைச் சிறு விஷயமென்று தள்ளுவதற்கில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் உறங்கிக் கிடக்கவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு ஒவ்வொரு வியாபாரியும் வாடிக்கைக்காரரின் கார்டு இலக்கத்தைத் தன் கணக்கிலேயே எழுதி வைத்திருந்தான். அவனுடைய கணினியில் திருடர் புகுந்தால் எல்லோருடைய இலக்கங்களும் சந்தைக்கு வந்துவிடும். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி முதல் ரிசர்வ் பாங்கி இவ்வழக்கத்தை நிறுத்தியது. கார்டை வழங்கிய பாங்கியும், விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற கார்டு ஸ்தாபனங்களும் அல்லாத பிறர், உள்நாட்டு வியாபாரத்தில் அவ்விலக்கத்தைச் சேமித்து வைத்தலாகாது. அதற்குப் பதிலாகக் கடைக்குக் கிடைப்பது 'டோக்கன்' என்னும் மாற்று இலக்கமே.

கோயில் வாயிலில் செருப்பை வைத்தால் ஒரு வில்லை கொடுக்கிறார்கள். அவ்வில்லை அந்த இடத்தில் மட்டுமே செல்லும். அடுத்த தெருவில் அதைக் காட்டினால் ஒருவரும் மதியார். டோக்கனின் தன்மையும் இத்தகையதே. ஒரு கடைக்கென்று ஏற்பட்ட டோக்கன் மற்றொரு கடையில் பயன்படாது. வாடிக்கைக்காரரின் தெளிவான சம்மதமின்றி டோக்கன் உண்டாக்குதல் கூடாது. அதற்குக் கட்டணம் வாங்குதலும் கூடாது. கார்டைச் சேமிக்க மனமில்லாதவர் ஒவ்வொரு முறையும் இலக்கத்தைத் தாமே எழுதிப் பணம் செலுத்தலாம்.

ஆனால் கடையில் நடக்கும் களவைத் தடுக்கும் சட்டம், நம் சட்டைப் பையில் நடக்கும் களவைத் தடுக்க மாட்டாது. அங்கே காவல் நம்முடையது. திரைப்பூட்டு இல்லாத கைப்பேசியில் கார்டைச் சேமித்தலாகாது. அப்பூட்டு பிறந்த வருஷமாகவோ 1234 ஆகவோ இருத்தலும் ஆகாது. பூட்டிய திரையின் மீதே செய்திகள் தோன்றும்படி விட்டால், திருடன் பூட்டைத் திறவாமலே ஓ.டி.பி.யைப் படித்துவிடுவான், ஆதலால் செய்தியின் வாசகம் திரையில் தோன்றாதபடி மறைத்து வைக்க வேண்டும். இனி, சிம் கார்டைக் கழற்றி வேறு கருவியில் செருகினால் ஓ.டி.பி. அங்கே போய்ச் சேரும். சிம்முக்கும் ஒரு தனி ரகசிய எண் இட்டுக்கொள்ளலாம் என்பதைப் பலர் அறியார். அதை மூன்று முறை தவறாக அழுத்தினால் சிம் அடைபட்டுவிடும். ஆகவே அதனை மறவாதிருத்தல் அவசியம்.

அடுத்தபடியாக, சேமித்த கார்டுகளைக் கணக்குப் பார்த்தல். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டால் கார்டும் நீங்கிவிட்டதென்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. கடையிலுள்ள நமது கணக்கில் டோக்கன் அப்படியே இருக்கும். எந்தெந்த வியாபாரிகளிடம் நம் கார்டுக்கு டோக்கன் இருக்கிறதென்று பார்க்கவும், வேண்டாதவற்றை ரத்துச் செய்யவும் பாங்கி வசதியளிக்க வேண்டுமென்பது ரிசர்வ் பாங்கியின் கட்டளை. மூன்று மாதத்துக்கொருமுறை இப்பட்டியைப் பார்த்து, நாம் போகாத கடைகளின் வாயிலை அடைத்துவிடுவது நலம்.

2020-ஆம் ஆண்டு ஜனவரியில் பிறந்த மற்றோர் உத்தரவின்படி, கார்டின் இணைய உபயோகத்தையும் வெளிநாட்டு உபயோகத்தையும் நாமே திறக்கவும் மூடவும், செலவுக்கு உச்ச வரம்பு விதிக்கவும் பாங்கிகள் வழி செய்ய வேண்டும். வெளிநாட்டு வியாபாரிகளுள் ஓ.டி.பி. கேளாமலே பணம் பெறும் வழக்கமுடையோர் உளர். அயல்நாட்டில் வாங்குவதற்கு ஒன்றுமில்லாதவர் அக்கதவை ஏன் திறந்து வைக்க வேண்டும்? மாதச் சந்தாக்கள் தாமாகவே பணம் பிடிக்கும் ஏற்பாட்டிலும், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வந்தாக வேண்டும். அந்த அறிவிப்பை வாசியாமல் துடைத்தெறிகிறவர் தம் உரிமையையும் உடன் எறிகிறார்.

கைப்பேசி தொலைந்தால் செய்ய வேண்டியது யாது? அழுதுகொண்டு தெருவில் தேடுவதற்கு முன்பே, வேறொரு டெலிபோனிலிருந்து பாங்கிக்குச் சொல்லிக் கார்டை அடைக்க வேண்டும். பிறகு சிம்மை அடைக்க வேண்டும். பிறகு தூரத்திலிருந்தே கருவியைப் பூட்டவோ அழிக்கவோ வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். பாங்கியின் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்திராதவர், அந்த நேரத்தில் அதை எங்கே தேடுவார்?

விரைவு ஏன் வேண்டுமென்பதற்குச் சட்டமே சாட்சி. 2017-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் பாங்கி வகுத்த நெறி இது: குற்றம் பாங்கியிடமும் வாடிக்கைக்காரரிடமும் இல்லாமல் வேறிடத்தில் இருந்தால், செய்தி கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தவருக்கு நஷ்டமில்லை. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் அறிவித்தவர் ஒரு வரம்புக்குட்பட்ட நஷ்டத்தை ஏற்க வேண்டும். ஓ.டி.பி.யைத் தாமே பிறருக்குச் சொன்னவர், பாங்கிக்கு அறிவிக்கும் வரை போன பணம் முழுவதற்கும் தாமே பொறுப்பாளி. அறிவித்தபின் போவது பாங்கியின் நஷ்டம். வாடிக்கைக்காரரின் குற்றத்தை நிரூபிக்கும் பாரமோ பாங்கியைச் சார்ந்தது. எனவே, புகாரின் இலக்கத்தையும் நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளாமல் டெலிபோனைக் கீழே வைக்கலாகாது. நியாயஸ்தலத்தில் வாய்ச்சொல்லைவிட எழுத்துக்கே வலிமை அதிகம்.

பாங்கிகளுக்கும் ஒரு வார்த்தை. மேற்சொன்ன உரிமைகளெல்லாம் பொடி எழுத்தில், பெரும்பாலும் இங்கிலீஷில், செயலியின் ஆறாவது அறைக்குள் மறைந்து கிடந்தால் அவற்றால் ஜனங்களுக்கு என்ன பயன்? தமிழ்நாட்டில் தொழில் நடத்துகிறவர்கள் இவற்றைத் தமிழில், முதற்பக்கத்தில், தெளிவாக எழுதி வைத்தல் கடமை. இதனைக் கேட்டுப் பெறுவது பொதுஜன ஊழியர்களின் கடமை.

நமது ஊழியர்களுக்கு மற்றொரு பணியும் உண்டு. பணத்தை இழந்தவர்களிற் பலர் வெட்கத்தால் வாய் திறவாதிருக்கின்றனர். அந்த மௌனமே திருடனுக்குப் பெரிய துணை. ஏமாந்தவரைப் பரிகசியாமல், கைபிடித்துப் பாங்கிக்கு அழைத்துச் செல்லுங்கள். வாசகசாலைகளிலும் சங்கங்களிலும் வாரம் ஒரு மாலை ஒதுக்கி, முதியோரின் கைப்பேசிகளில் இக்காவல்களை அவர்கள் கண் முன்னே அமைத்துக் கொடுங்கள். அப்போது அவர்களுடைய ரகசிய எண்ணை நீங்களும் கேளாதீர்கள். ஒரு தெருவில் பத்து வீடுகள் இவ்வாறு விழித்துக்கொண்டால், அத்தெருவில் திருடனுக்கு வேலையில்லை.