வானத்தில் ஒரு மணி நேரம்... வயலில் நாலு ஏக்கர் உழவு!

காலை ஐந்தரை மணி. சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் கீரைக்கட்டு, பூக்கூடை, டிபன் கேரியர் என்று ஆளுக்கொரு சுமையோடு நிற்கிறார்கள். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயில் வந்ததும் ஏறிக்கொள்கிறார்கள். எதிர்த்திசையில் வந்து இறங்குகிறவர்கள் ஒரகடம் சாலையில் ஷிஃப்ட் பேருந்துக்கு ஓடுகிறார்கள். இவர்களில் யாரையும் 'சுற்றுச்சூழலுக்கு உகந்த பயணி' என்று எவரும் மேடையேற்றிப் பாராட்டியதில்லை. ஆனால், உண்மையில் இவர்கள் அப்படித்தான் பயணம் செய்கிறார்கள்.

மேடையில் பேசுகிறவர்களின் பயணம் வேறு மாதிரி. 'நெல் வயலிலிருந்து மீத்தேன் வருகிறது, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுங்கள்', 'வைக்கோலைக் கொளுத்தாதீர்கள்', 'கடைக்கு மஞ்சப்பை எடுத்துச் செல்லுங்கள்' என்று விவசாயிக்கு வரும் அறிவுரைகள் ஏராளம். அவை நல்ல அறிவுரைகள்தான். காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பாசனம் செய்தால் தண்ணீரும் மிச்சம், வேரும் நன்றாக ஓடும். ஆனால், அறிவுரை சொன்னவர் கூட்டம் முடிந்ததும் திருச்சிக்கோ, சேலத்துக்கோ, பெங்களூருக்கோ விமானத்தில் பறக்கிறார் என்றால், கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு கேள்வி எழத்தானே செய்யும்?

டீசல் கணக்கில் பார்ப்போம்

விமானப் புகையை டன் கணக்கில் சொன்னால் மனதில் நிற்காது. டிராக்டர் கணக்கில் பார்த்தால் எளிதாகப் புரியும்.

180 பேர் உட்காரும் ஜெட் விமானம், ஒரு மணி நேரத் தொலைவுக்குச் சுமார் 2,500 கிலோ எரிபொருள் குடிக்கும். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் ஏறக்குறைய 3.16 கிலோ கரியமில வாயு வெளியாகும். மொத்தம் சுமார் 7,900 கிலோ. விமானத்தில் 150 பேர் இருந்தால், தலைக்கு 53 கிலோ. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும். ஆக, ஒரு இருக்கையின் பங்கு கிட்டத்தட்ட 20 லிட்டர் டீசலுக்குச் சமம். ரோட்டவேட்டர் ஓட்ட ஏக்கருக்கு 5 லிட்டர் என்று வைத்தால், அது நாலு ஏக்கர் உழவு. இது ஒரு வழிக்கு மட்டும். திரும்பி வந்தால் எட்டு ஏக்கர்.

தனி விமானம் என்றால் கணக்கு எங்கேயோ போய்விடும். சிறிய ஜெட் ஒன்று மணிக்குச் சுமார் 600 கிலோ எரிபொருள் குடிக்கிறது. அதில் ஒரு தலைவரும் உடன் மூன்று பேரும் போனால், ஆளுக்கு 475 கிலோ கரியமில வாயு. அதாவது, 175 லிட்டர் டீசல். 35 ஏக்கர் உழவு. தலைவரை இறக்கிவிட்டு விமானம் காலியாகத் திரும்பினால், அந்தக் காலிப் பயணமும் அவர் கணக்கில்தான் சேர வேண்டும்.

குறுகிய தூரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. விமானம் அதிகமாக எரிபொருள் குடிப்பது மேலே ஏறும்போதுதான். நெடுந்தூரம் போனால் அந்தச் செலவு பல கிலோமீட்டர்களுக்குப் பரவிவிடும். 300 கிலோமீட்டர் பயணத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடுகிறது. அதனால், கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் குட்டிப் பயணம்தான் அதிகப் புகை விடும் பயணம்.

ரயிலுக்கும் புகை இல்லாமல் இல்லை. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. ஆனாலும், ஆயிரம் பேரை ஒரே இன்ஜின் இழுத்துச் செல்வதால், தலைக்கு வரும் பங்கு விமானத்தைவிடப் பல மடங்கு குறைவு.

ஊருக்கு உபதேசம்

இந்தியாவில் தலைவர்களின் விமானப் பயணம் பெரிய விவாதமானது 2009-ல். அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. 1972-க்குப் பிறகு அவ்வளவு மோசமான மழைக்குறைவு வந்ததில்லை. நாடே வறட்சியில் இருந்தபோது, அமைச்சர்கள் சிக்கனமாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது. செப்டம்பரில் சோனியா காந்தி சாதாரண வகுப்பில் மும்பைக்குப் பறந்தார். மறுநாள் ராகுல் காந்தி சதாப்தி ரயிலில் லூதியானாவுக்குப் போனார். அதே சமயத்தில், வெளியுறவுத்துறை இணையமைச்சராக இருந்த சசி தரூர், விமானத்தின் சாதாரண வகுப்பை 'மாட்டு வகுப்பு' என்று சமூக வலைதளத்தில் குறிப்பிட, பெரும் சர்ச்சையாகி, அவர் வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. அந்தச் சிக்கனம் பணத்துக்காகச் சொல்லப்பட்டது, பருவநிலைக்காக அல்ல. சில வாரங்களில் அந்தப் பேச்சும் அடங்கிவிட்டது.

வெளிநாடுகளிலும் இதே கதைதான். 2021 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் ஐ.நா. பருவநிலை மாநாடு நடந்தது. மாநாட்டை நடத்திய பிரிட்டனின் அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன், அங்கிருந்து லண்டனுக்குத் தனி விமானத்தில் திரும்பினார். அந்தத் தூரத்துக்கு ரயிலில் சுமார் நாலரை மணி நேரம். உலகுக்கே உபதேசம் செய்த கையோடு அவர் விமானம் ஏறியதைப் பத்திரிகைகள் பிடிபிடியென்று பிடித்தன.

பிரான்ஸ் ஒருபடி மேலே போனது. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் கூடாது என்று சட்டம் போட்டு, 2023 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. ஆனால், நடைமுறையில் அது நிறுத்தியது பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து நாந்த், லியோன், போர்தோ போகும் மூன்று தடங்களை மட்டுமே. பணக்காரர்களின் தனி விமானங்களுக்குத் தடை இல்லை. சட்டம் வந்தாலும், சாமானியர் பக்கம்தான் முதலில் சாய்கிறது.

கிளாஸ்கோ மாநாட்டில்தான் இந்தியாவும் 2070-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வை எட்டுவோம் என்று வாக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில், தனிமனிதர்கள் வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற 'லைஃப்' இயக்கத்தைப் பிரதமர் மோடி குஜராத்தின் கேவடியாவில் தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டில் பருவநிலை மாற்ற இயக்கம் செயல்படுகிறது. வாக்குறுதிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாழ்க்கை முறை மாற்றம் தலைவர்களிடமிருந்தும் தொடங்கலாமே என்பதுதான் கேள்வி.

பையில் இருக்கும் பாஸ்

நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 34 ஒருவழி விமானப் பயணங்கள் இலவசம். கூடவே, ரயிலில் குளிர்சாதன முதல் வகுப்பில் எங்கும் போய்வர இலவச பாஸும் உண்டு. டெல்லிக்கு விமானத்தில் போவதை யாரும் தவறு சொல்ல முடியாது. ஆனால், சென்னையிலிருந்து கோவைக்கு வந்தே பாரத் ரயிலில் சுமார் ஆறு மணி நேரம். பெங்களூருக்கு நாலரை மணி நேரத்துக்குள். விமானத்தில் பறப்பது ஒரு மணி நேரம் என்றாலும், நிலையத்துக்குப் போவது, சோதனை, காத்திருப்பு, இறங்கி ஊருக்குள் வருவது என்று சேர்த்தால் நாலு மணி நேரம் ஆகிவிடும்.

தேர்தல் வந்தால் ஹெலிகாப்டர்களும் வாடகை விமானங்களும் பறக்கத் தொடங்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-வது பிரிவின்படி, நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது. அது கட்சியின் கணக்கில் போகும். கட்சி செலவழிக்க உச்சவரம்பே இல்லை. பணக்கணக்கையாவது கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் காட்ட வேண்டும். புகைக்கணக்கை யாரும் கேட்பதில்லை.

தலைவர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. புயல், வெள்ளம், கலவரம் என்றால் உடனே போய்ச் சேர வேண்டும். பாதுகாப்புக் காரணங்கள் உண்டு. ஒரே நாளில் மூன்று மாவட்டங்களில் நிகழ்ச்சி இருந்தால் ரயில் சரிப்படாது. இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், திறப்பு விழாவுக்கும் திருமண வரவேற்புக்கும் பறக்கும் பயணங்கள் மிச்சம் இருக்கத்தான் செய்கின்றன.

நிலம் கொடுப்பது யார்?

சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்து விவசாயிகளுக்கு இது வெறும் நியாயப் பேச்சு இல்லை, நிலத்தின் விஷயம். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று முப்போகம் பேசிய ஏரிப்பாசனப் பூமி இது. கார் தொழிற்சாலைகளுக்கும் சிப்காட்டுக்கும் நிலம் போனது. பல குடும்பங்களுக்கு வேலையும் வந்தது, மறுப்பதற்கில்லை. அடுத்து வருவது விமான நிலையம்.

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வு செய்யப்பட்டதாக 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. தேவைப்படும் நிலம் 5,700 ஏக்கருக்கு மேல். 13 கிராமங்கள். அதில் நஞ்சையும் உண்டு, ஏரி குளங்களும் உண்டு. பாலாற்றுத் தண்ணீரை ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குக் கொண்டுவரும் கம்பன் கால்வாயும் அந்த வழியாகத்தான் போகிறது. ஏகனாபுரம் மக்கள் அன்றிலிருந்து போராடி வருகிறார்கள். கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். மீனம்பாக்கத்தில் இடம் போதவில்லை, தொழில் வளர்ச்சிக்குப் பெரிய நிலையம் வேண்டும் என்பது அரசின் வாதம்.

மீனம்பாக்கத்திலிருந்து பெங்களூரு, கோவை, திருச்சி, மதுரை, தூத்துக்குடி, சேலம் என்று குறுந்தூர விமானங்கள் தினமும் கிளம்புகின்றன. எழுபது பேரோடு திருச்சிக்குப் போகும் விமானமும், முந்நூறு பேரோடு சிங்கப்பூருக்குப் போகும் விமானமும் ஓடுபாதையில் ஒவ்வொரு முறைதான் எடுத்துக்கொள்கின்றன. ரயிலில் போகக்கூடியவர்கள் ரயிலுக்கு மாறினால் ஓடுபாதையில் எவ்வளவு இடம் காலியாகும்? நஞ்சை நிலத்தைக் கேட்பதற்கு முன்னால் போட வேண்டிய கணக்கு இது.

இன்னொரு பக்கம், ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ரயில் பாதை என்ற திட்டம் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பேச்சில் இருக்கிறது. அது வந்தால், ஒரகடம் தொழிலாளியும் பயனடைவார்; காய்கறியும் பூவும் ரயிலேறும். சிறு நகரங்களை விமானத்தில் இணைக்கும் 'உடான்' திட்டத்திலோ, நிறுவனங்களுக்கு நஷ்ட ஈடு கிடைக்கிறது. அந்தச் சிறு நிலையங்களில் எரிபொருளுக்கான வாட் வரியையும் ஒரு சதவிகிதமாக மாநிலங்கள் குறைக்கின்றன. டிராக்டருக்கு டீசல் போடும் விவசாயிக்கு அந்தச் சலுகை இல்லை.

கிராம சபையில் கேட்கலாம்!

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது. உங்கள் பகுதிக்கு வர வேண்டிய ரயில் பாதை, ரயில் நிறுத்தம், பேருந்துத் தடம் ஆகியவற்றைத் தீர்மானமாகப் போட்டு, எம்.பி-க்கும் மாவட்ட ஆட்சியருக்கும் நகல் அனுப்பலாம். தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்பதைக் கையெழுத்துப் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில், அரசுச் செலவில் நடந்த விமானப் பயணங்களின் விவரத்தைக் கேட்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 'கடந்த நிதியாண்டில் 500 கிலோமீட்டருக்குக் குறைவான தூரத்துக்கு விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் சென்ற பயணங்கள் எத்தனை, செலவு எவ்வளவு?' என்று குறிப்பாகக் கேளுங்கள். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதிலும் அப்படித்தான் வரும். அலுவலகம் மாறிப் போனாலும் கவலை இல்லை. சரியான இடத்துக்கு 5 நாள்களுக்குள் அவர்களே அனுப்ப வேண்டும் என்கிறது 6(3) பிரிவு. பதில் 30 நாள்களுக்குள் வர வேண்டும். வராவிட்டால், அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

பதில் வந்ததும், மேலே சொன்ன டீசல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அடுத்த முறை மீத்தேன் பற்றிய கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போகலாம்.