மீன் தொட்டிக்குக் காவல் இருந்த வெப் கேமரா

புதுக் கம்ப்யூட்டரில் பாட்டு கேட்டாயிற்று, படம் பார்த்தாயிற்று, இனி என்ன செய்வது என்று யோசிக்கிறீர்களா? எங்கள் வீட்டில் அது மீன்களைக் காப்பாற்றியது.

என் ஊர் காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழி. ஜடாயு தீர்த்தக் குளமும் விஜயராகவப் பெருமாள் கோயிலும் உள்ள ஊர். எனக்கு சாப்ட்வேர் வேலை. வண்ண மீன்களுக்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூரில் 20 கப்பி மீன்கள் வாங்கி வந்து வீட்டுத் தொட்டியில் விட்டேன். இரண்டே வாரத்தில் 14 ஆகிவிட்டன. அம்மா பக்கத்து வீட்டுப் பூனையைச் சந்தேகப்பட்டார்.

தொட்டியின் மூலையில் ஓவர்ஃப்ளோ பாக்ஸ் என்றொரு பெட்டி இருக்கிறது. ஏரிக்குக் கலங்கல் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்மட்டத் தண்ணீர் சீப்பு போன்ற பற்கள் வழியாக அதில் வழிந்து, குழாய் வழியே கீழே உள்ள வடிகட்டும் தொட்டிக்குப் போகும். மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். கலங்கலில் தண்ணீரோடு மீனும் போகும் அல்லவா? டார்ச் அடித்துப் பார்த்தேன். பெட்டிக்குள் நான்கு மீன்கள் உயிரோடு இருந்தன.

எடுத்து விட்டுவிட்டு, பற்கள் மேல் கொசுவலைத் துணியைக் கட்டினேன். இரண்டே நாளில் மறுபடி மூன்று மீன்கள் உள்ளே! இன்ஜினியரிங் படித்தவனுக்கு இது அவமானம்தான்.

அப்போதுதான் வெப் கேமரா நினைவுக்கு வந்தது. விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'கேமரா' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் அந்தப் புரோகிராம் வரும். வீடியோ படத்தைத் தேர்வு செய்து பதிவைத் தொடங்குங்கள். அதற்கு முன் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போய், ஸ்லீப் நேரத்தை 'நெவர்' என மாற்றுங்கள். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் நடுவில் தூங்கிவிடும். கம்ப்யூட்டரைத் தொட்டியை விட்டுத் தள்ளி வையுங்கள். தண்ணீர் தெறித்தால் மீனோடு அதுவும் போய்விடும்.

மறுநாள் வீடியோவை வேகமாக ஓட்டிப் பார்த்தேன். மீன் பற்களுக்கு நடுவே நுழையவே இல்லை. துணியில் தீனித் தூள் அடைத்துக்கொள்ள, தண்ணீர் மட்டம் உயர்ந்து, பெட்டியின் மேல் விளிம்பைத் தாண்டி மீனும் வழிந்து விழுந்திருந்தது.

பட்டு நெய்யும் பெரியப்பாவிடம் துணியைக் காட்டினேன். "கண்ணு சின்னதாக ஆக நூல்தானேடா அதிகமாகுது? தண்ணி எங்கே போகும்?" என்றார்.

எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன். ஏ2 கட்டத்தில் மோட்டார் மணிக்கு ஏற்றும் லிட்டர், பி2-ல் தண்ணீர் புகும் மொத்தத் திறப்பு (சதுர செ.மீ.). சி2-ல் சமக்குறி போட்டு, ஏ2-ஐ 1000-ஆல் பெருக்கி, 3600-ஆலும் பி2-ஆலும் வகுக்கச் சொன்னேன். என் மோட்டார் 600 லிட்டர். அடைத்த துணியில் திறப்பு சுமார் 8 என்றால் தண்ணீரின் வேகம் விநாடிக்கு 21 செ.மீ. திறப்பு 60 என்றால் 3 செ.மீ.கூட இல்லை. சின்ன மீன் அதில் சாவகாசமாக நீந்தும். துளை சின்னதாக இருந்தால் மட்டும் போதாது, மொத்தத் திறப்பு பெரிதாக இருக்க வேண்டும்.

எனவே துணியைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் வலையைப் பற்களிலிருந்து சில செ.மீ. தள்ளி அரைவட்டமாக நிறுத்தினேன். வலை தண்ணீர் மட்டத்துக்கு மேலேயும் நீள வேண்டும். பெட்டிக்கு ஒரு மூடியும் போட்டேன். வாரம் ஒருமுறை வலையைத் தேய்த்துக் கழுவுகிறேன். இரும்புக் கம்பி வலை வேண்டாம், துருப்பிடிக்கும்.

ஏற்கெனவே மீன் விழுந்திருந்தால் முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். ஓடும்போது வலையை விட்டால் பயந்த மீன் குழாய்க்குள் இறங்கிவிடும். ஒரு சின்னக் கப்பைத் தண்ணீரோடு சாய்த்து மீனை அள்ளுங்கள். கீழ்த் தொட்டியிலும் தேடுங்கள். எனக்கு ஒன்று அங்கே கிடைத்தது. துடுப்பு கிழிந்த மீனை அதே தொட்டியில் மிதக்கும் வலைக்கூண்டில் சில நாள் தனியாக வையுங்கள். தண்ணீர் ஒன்றுதான் என்பதால் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

இப்போது எண்ணிக்கை 19. அந்த ஒன்று எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மா இன்னமும் பூனையைத்தான் பார்க்கிறார்.