குடலின் கோபத்தைத் தணிக்கும் அறிதுயில் சிகிச்சை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். கடை நிறையச் சரக்கு இருந்தாலும், கல்லாவில் உட்கார உடம்பு ஒத்துழைக்காவிட்டால் வியாபாரம் ஏது? வணிகர்களாகிய நமக்கு வரும் உபாதைகளில், வெளியே சொல்லக் கூச்சப்பட்டு நாம் மறைத்து வைப்பது வயிற்றுக் கோளாறுதான். விடியற்காலையில் லோடு இறக்கம், பதினோரு மணிக்கு டிபன், நாலு மணிக்குச் சாப்பாடு, நடுவே கணக்கில்லாத டீ, வரவேண்டிய பாக்கி வரவில்லையே என்ற கவலை. இத்தனையையும் தாங்குவது ஒரே வயிறு.

ஐ.பி.எஸ். என்றால் நமக்குக் காவல்துறை அதிகாரிதான் நினைவுக்கு வருவார். தமிழில் எழுதும்போது இதே மூன்று எழுத்துகள் ஒரு குடல் நோயையும் குறிக்கின்றன. எரிச்சல் குடல் நோய் என்று தமிழில் சொல்லலாம். அடிக்கடி வயிற்று வலி, உப்புசம், சிலருக்குப் பேதி, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும். ஸ்கேன் எடுத்தாலும், எண்டோஸ்கோப்பி செய்தாலும் புண்ணோ கட்டியோ தென்படாது. "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்பார்கள். ஆனால் வலி பொய்யல்ல. பஸ்ஸில் போகும்போது வயிறு கலக்கிவிடுமோ என்று பயந்து வெளியூர்க் கொள்முதலையே விட்டுவிட்டு, தரகர் சொன்ன விலைக்குச் சரக்கு எடுப்பவர்களை நம் மண்டித் தெருக்களிலேயே பார்க்கிறோம். உடல் நஷ்டத்தோடு தொழில் நஷ்டமும் சேர்ந்துகொள்கிறது.

இந்த நோய்க்கு, மருந்து கேட்காத நிலையிலும் பலன் தந்து, அந்தப் பலன் ஆண்டுக்கணக்கில் நிலைப்பதாகக் கண்டறியப்பட்ட ஒரு முறை உண்டு. அதுதான் ஹிப்னாடிச சிகிச்சை.

வசியம் அல்ல

ஹிப்னாடிசம் என்றதும் மனோவசியம், மேடை வித்தை, கைக்கடிகாரத்தை ஆட்டிக் காட்டுவது என்றெல்லாம் எண்ணம் ஓடும். அறிதுயில் என்ற சொல்லே இதற்குப் பொருத்தம். அறிந்துகொண்டே துயில்வது. அந்நிலையில் மனம் ஒன்றிலேயே ஊன்றி நிற்கும், உடல் தளர்ந்திருக்கும், சொல்வது காதில் விழும். நினைத்தால் எழுந்தும் விடலாம். நம் விருப்பத்துக்கு மாறாக யாரும் நம்மை ஆட்டிவைக்க முடியாது.

இதற்கு நம் நாட்டோடும் தொடர்பு உண்டு. மயக்க மருந்து புழக்கத்துக்கு வருமுன்பே, 1845ல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், நோயாளிகளை இவ்வகை மயக்கத்தில் ஆழ்த்தி அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் ஈதரும் குளோரோஃபார்மும் வந்ததால் அம்முறை வழக்கொழிந்தது. 'ஹிப்னாடிசம்' என்ற பெயரைப் பரப்பியவர் ஜேம்ஸ் பிரெய்ட். பஞ்சாலைகளுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மருத்துவராக இருந்தவர். 1843ல் இதுபற்றி நூல் வெளியிட்டார். அதே மான்செஸ்டரில்தான் ஏறக்குறைய 140 ஆண்டுகள் கழித்து வயிற்றுக்கான ஆராய்ச்சியும் நடந்தது.

மான்செஸ்டர் கணக்கு

பீட்டர் வோர்வெல் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும், எந்த மருந்துக்கும் அடங்காத ஐ.பி.எஸ். நோயாளிகள் 30 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு அறிதுயில் சிகிச்சை. மறு பிரிவுக்கு மன ஆறுதல் பேச்சும், மருந்தில்லாத வெறும் மாத்திரையும். அறிதுயில் பெற்றவர்களே வெகுவாகக் குணமடைந்தார்கள். இது 1984ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது.

பலன் நிலைக்குமா என்பதுதானே வியாபாரியின் கேள்வி? அதே மான்செஸ்டர் குழுவினர் 2003ல் அதற்கும் கணக்குக் காட்டினார்கள். சிகிச்சை முடிந்து ஓராண்டு முதல் ஐந்தாண்டுக்கு மேல் ஆன 204 பேரிடம் விசாரித்ததில், 71 சதவீதத்தினர் தொடக்கத்தில் நல்ல பலன் கண்டிருந்தார்கள். அப்படிப் பலன் கண்டவர்களில் 81 சதவீதத்தினருக்கு அது குறையாமல் நீடித்தது. மருத்துவரிடம் போவதும் மருந்து வாங்குவதும்கூடக் குறைந்தன. நம் பேரேட்டு முறையில் பார்த்தால், சிகிச்சைக்குப் போன நூறு பேரில் சுமார் 57 பேருக்கு நிலையான லாபம். மற்ற முறைகள் கைவிட்டவர்கள் என்பதை நினைத்தால் இது சிறிய தொகை அல்ல. ஆனாலும் இது நோயாளிகள் தாமே சொன்ன தகவல், ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிரிவும் வைக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே எடை போடவேண்டும்.

இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான 'நைஸ்', பன்னிரண்டு மாதம் மருந்து எடுத்தும் தீராதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று 2008ல் பரிந்துரைத்தது.

என்ன செய்கிறார்கள்?

முதலில் குடல் எப்படி இயங்குகிறது என்று விளக்குவார்கள். பின் கண்மூடித் தளர்ந்த நிலையில், கையை வயிற்றின்மேல் வைத்து, அங்கே இதமான சூடு பரவுவதாக உணரச் சொல்வார்கள். அமைதியாக ஓடும் ஆற்றை மனக்கண்ணில் கண்டு, குடலும் அதுபோல் சீராக இயங்குவதாக நினைக்கச் சொல்வார்கள். மான்செஸ்டரில் வாரம் ஒன்றாகச் சுமார் 12 அமர்வுகள். வீட்டில் பழக ஒலிநாடாவும் தந்தார்கள்.

குடலுக்கென்று தனி நரம்பு வலை உண்டு. அது மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. இந்நோயில் குடல் சிறு அசைவைக்கூடப் பெரும் வலியாக மூளைக்குச் சொல்கிறது. அறிதுயில் அந்த மிகை உணர்ச்சியைத் தணிப்பதாகச் சோதனைகளில் தெரிந்தது. மாத்திரையின் வேலை சில மணி நேரம். இதுவோ நாமே கற்றுக்கொள்ளும் பழக்கம். மனக்கணக்கு ஒருமுறை படிந்துவிட்டால் கைவிட்டுப் போகாததுபோல, பழகியவருக்கு இதுவும் கைவசம் இருக்கும்.

சரக்கைப் பார்த்து வாங்குவோம்

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரத்தசோகை, ஐம்பது வயதுக்குமேல் புதிதாக வந்த வயிற்றுக் கோளாறு ஆகியவை இருந்தால், முதலில் குடல் மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவர் ஐ.பி.எஸ். என்று உறுதி செய்த பிறகே இந்தப் பேச்சு. மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல. பயிற்சி பெற்ற மனநல மருத்துவர் அல்லது உளவியல் நிபுணர் யாரென்று குடல் மருத்துவரிடமே கேட்டறியலாம்.

"ஒரே அமர்வில் சர்க்கரை வியாதி போகும், புற்றுநோய் தீரும்" என்று யாராவது விளம்பரம் செய்தால் அவர் கடைப்பக்கமே போகவேண்டாம். புகைப்பழக்கத்தை விடுவதற்குக்கூட இது மற்ற முறைகளைவிட மேலானது என்று ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. முத்திரை இல்லாத எடைக்கல்லை ஏற்காத நாம், தகுதி இல்லாதவரை மட்டும் ஏன் ஏற்கவேண்டும்?

சரக்கில் நஷ்டம் வந்தால் அடுத்த சீசனில் ஈடுகட்டிக்கொள்ளலாம். வயிற்று வலியை மறைத்துக்கொண்டு கழித்த ஆண்டுகளை எந்தச் சீசனும் திருப்பித் தராது. ஆகவே கூச்சத்தை விட்டு மருத்துவரிடம் வாய்திறந்து சொல்வோம். நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்.